நான் வழி சொன்ன பிரெஞ்சு ஊர்

பிரான்சில் ஒரு சின்ன ஊர் எனக்கு அத்துப்படி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஆறு. அதன் மேல் கல்பாலம். போரில் உடைந்து, ஊர்க்காரர்களே திரும்பக் கட்டியது. பாலம் தாண்டினால் பழைய கோட்டையில் மிச்சம் நிற்கும் ஒரே வாசல், சந்தைத் திடல், மணிக்கூண்டு, எழுநூறு வயதான தேவாலயம். இத்தனைக்கும் நான் அங்கே காலடி வைத்ததே இல்லை. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகளுக்குத் தொலைபேசியில் வழி சொல்வதுதான் என் வேலை. கல்லூரியில் நான் பிரெஞ்சு எடுத்தபோது சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்ட காலம் அது.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "இந்த மாசம் கன்ஃபர்ம் பண்ணலைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு குடியாத்தம் வந்து சேரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எத்தனை நாள் காத்திருப்பாங்க?" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கோ ஈஜிபுராவின் ஒற்றை அறையும் சொந்தச் சம்பளமும் பிடித்துப்போயிருந்தன.

அந்த மாதம்தான் ஒரு மூதாட்டி அழைத்தார். இறந்துபோன கணவர் பிறந்த ஊரை முதன்முறையாகப் பார்க்கப் போகிறாராம், அதுவும் தனியாக. எனக்கு மனசு இளகிவிட்டது. பாலம், கோட்டை வாசல் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல் சொல்லிக்கொண்டே வந்தவள், "தேவாலய வாசலிலேயே செருப்பைக் கழற்றி விட்டுவிடுங்கள். உள்ளே கல் தரை, சில்லென்றிருக்கும்" என்றும் சொல்லிவைத்தேன். நம் ஊரில் அம்மன் கோயிலானாலும் மாதா கோயிலானாலும் அதுதானே வழக்கம்! அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

இன்னொரு ஹெட்செட்டில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மேலதிகாரி, பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழம்மா, தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ, என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? அவங்க ஊர்ல யாரும்மா சர்ச்சுக்குள்ள ஷூவைக் கழட்டுவாங்க? கன்ஃபர்மேஷன் நேரத்துல இந்தப் பேஜார் தேவையா?" போச்சு, எல்லாம் போச்சு. கழிவறைக்குள் போய் அழுது தீர்த்தேன்.

அடுத்த வாரம் அதே மூதாட்டி மறுபடி அழைத்தார். மேலதிகாரிதான் எடுத்தார். புகாராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வெறுங்காலோட நின்னாங்களாம். கால் வலியோன்னு பயந்து அங்கே இருந்த வயசான பாதிரியார் நாற்காலியைத் தூக்கிட்டு ஓடி வந்தாராம். பேச்சு கொடுத்துப் பார்த்தா, அவங்க வீட்டுக்காரரோட ஒண்ணாப் படிச்சவராம்! சாயங்காலம் வரைக்கும் அவரைப் பத்தியே பேசினாங்களாம். 'அந்தப் பொண்ணு சொல்லலைன்னா அந்த ஊர்ல என்கிட்ட யார் பேசியிருப்பா'ன்னு கேக்கறாங்க." அதற்குமேல் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆனா தப்பு தப்புதான். இனிமே யாரையும் கழட்டச் சொல்லாதே. வேலை கன்ஃபர்ம், போ."

அன்றே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"சாமி இருக்கிற இடத்துல செருப்பைக் கழட்டச் சொன்னா அது எப்படித் தப்பாகும்?" என்று மேலதிகாரி மேல் பாய்ந்தார் அப்பா. "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியலை. நீ அங்கேயே இருந்து சொல்லிக்குடு. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."