பல் டாக்டருக்கு ஒரு புள்ளி

“யாரும் எதையும் மூடாதீங்க,” என்று போனில் சொல்லிக்கொண்டே ஒரு செருப்பை மாட்டி, மற்றதைக் கட்டிலுக்கடியில் துழாவினாள். அடுத்த தெருவில் அண்ணனின் சலவைக்கடை. வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் அழிந்துவிட்டதாம். கடை நிறையத் துணி தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் எண். எந்த எண் யாருடையது என்பது கணினிக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் வாங்க வந்துவிடுவார்கள்.

வீட்டில் அவளுக்குக் கோந்து என்று பெயர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதும் கணினி நிரல்களில் தப்புக் கண்டுபிடிப்பது வேலை. அவளே எழுதியது கடைப் பட்டியலுக்கான இந்த நிரல் ஒன்றுதான். அண்ணன் கல்யாணத்துக்கு அவள் தந்த பரிசு. அண்ணிக்கு ஒரு மிக்ஸியே போதுமாயிருந்திருக்கும்.

அண்ணன் கல்லாவில் பேயறைந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். துணி வாங்கிப் போனவர்களின் பெயர்களை மட்டும் நீக்கப் போனானாம்.

“நிச்சயமா அழிக்கணுமான்னு கேட்குமே?”

“கேட்டுச்சு. நானும் நிச்சயமாத்தான் இருந்தேன்.”

“ஒரு கறைய எடுக்கச் சொன்னா எடுக்க வராது,” என்றாள் அண்ணி. “இத மட்டும் எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கார் பாரு.”

கல்லாவிலிருந்த கணினியை அவன் பலமுறை மூடித் திறந்துவிட்டான். அதில் இனி ஒன்றுமில்லை. கோந்து பின்னறைக்கு ஓடினாள். இஸ்திரி மேசையருகே ஒரு பழைய மடிக்கணினி. இரண்டுக்கும் கோப்பு ஒன்றுதான். ஆனால் நிரல் திறக்கும்போது பட்டியலை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். மூடும்வரை அதையே காட்டும். புதுத் துணி வந்தால் தெரிவதேயில்லை என்று இஸ்திரிக்காரர் தினமும் புலம்புவார். இன்று காலையில் திறந்தது, இன்னும் மூடவில்லை. பெயர்கள் அத்தனையும் இருந்தன.

பாட்டரி சிவப்பில் இருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் செருக இஸ்திரிக்காரர் அதன் ஒயரைப் பிடுங்கியிருந்தார். திட்ட நேரமில்லை. பெட்டியைப் பிடுங்கி ஒயரைச் செருகச் சொன்னாள். கல்லாக் கணினியில் நிரலை மூடச் சொல்லி அண்ணனை அனுப்பினாள்.

ஒரு வரியை மாற்றிச் சேமித்தாலும் இந்த நிரல் மொத்தப் பட்டியலையும் கோப்பில் திரும்ப எழுதும். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் அவள் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். பல் டாக்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துச் சேமித்தாள். பிறகு அண்ணனைத் திறக்கச் சொன்னாள்.

“வந்துட்டாங்க,” என்றான் அவன், விருந்தாளிகளைச் சொல்வதுபோல.

எப்படி என்று அண்ணி கேட்டாள்.

“என்னோட ரெண்டு தப்பு சேர்ந்து காப்பாத்திருச்சு அண்ணி.”

“உங்க குடும்பத்துல எதுவும் ஒண்ணோட நிக்காது,” என்றாள் அண்ணி. சிரித்துவிட்டாள்.

மறுநாள் கோந்து அரைநாள் லீவு போட்டு, அழிக்கும் பொத்தானை எடுத்துவிட்டாள். முந்தைய நாள் காலைக்குப் பிறகு வந்த துணிகள் பட்டியலில் இல்லை. அண்ணி அவற்றைத் தனிக் கம்பியில் மாட்டி, வந்தவர்களிடம் அடையாளம் கேட்டாள். எல்லோரும் சரியாகவே சொன்னார்கள். ஒரு பழுப்புக் கோட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. வழக்கமான நேரத்துக்குக் கடையைச் சாத்தினார்கள்.