இரண்டாவது பரீட்சைக்கு வந்த பதில்

“…ஒரு வரிகூடப் பதில் போடல அய்யா, அந்தப் பிரகாஷ் அண்ணன். வேணாம்னுதான் சொல்றாரு போலன்னு ஒரு பரீட்சையோட நின்னுட்டேன்.”

விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள் ஜெனிட்டா நேற்று இப்படிச் சொன்னாள்.

பதில் வந்தது. அதை அழித்தவன் நான்!

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நான் பாம்பன் பக்கத்து அக்காள்மடத்தில் மீன் வாங்கி ஐஸ் போட்டு அனுப்புகிறவன். பெட்டியின் மேலே பளபளவென்று மீன் இருந்தால் அடியில் கெட்டது கிடக்குமோ என்று என் கை நேரே அடிக்குத்தான் போகும். “ஏலே சூசை, நீ கலியாணத்தன்னைக்கே பொண்ணுக்குச் செவுளத் தூக்கிப் பாத்தவனாச்சே!” என்று ஏலக்கூடத்தில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தக் கை என் வீட்டுக்குள்ளும் நீண்டது…

என் மனைவி நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போனபோது மகளையும் கூட்டிப்போனாள். மகள் அங்கே ஆஸ்டியோபதி என்ற இன்னொரு வகை டாக்டர் படிப்பு படிக்கிறாள். அதற்கென்று தனி உரிமத் தேர்வு உண்டு. தேறினால் முழு டாக்டர்தான். ஆனால் மனநல மருத்துவத்தில் மேற்பயிற்சிக்குச் சேர, சில ஆஸ்பத்திரிகள் மற்ற டாக்டர்கள் எழுதும் தேர்வையும் கேட்குமாம். அவள் ஆசைப்பட்டது அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு.

போன வருடம் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒன்று எழுதுவதா இரண்டு எழுதுவதா என்று குழம்பிக்கொண்டிருந்தாள். அவளது போன் பாம்பன் தண்ணீரில் விழுந்துவிட்டதால், அவள் கல்லூரி சீனியர் பிரகாஷிடம் என் போனிலிருந்துதான் கேட்டிருந்தாள்.

எனக்கோ சந்தேகம். ஒரு டாக்டருக்கு எதற்கு இரண்டு பரீட்சை? எங்கள் பக்கம் மறுபடி பரீட்சை எழுதுகிறவன் யார்? முதலில் கோட்டைவிட்டவன்! இவள் தோற்றுவிட்டு மறைக்கிறாளோ… தாயும் இதற்கு உடந்தையோ… இந்தப் பிரகாஷ் யார்? அவனுக்கென்ன இத்தனை அக்கறை?

அவள் குளிக்கப் போயிருந்தபோது குரல் பதிவு வந்தது. கேட்டேன். “ஜெனி, அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டும் வேணும். இந்த வாரமே தேதி புடிச்சிரு, விட்டுறாத.”

விட்டுறாதவாம்! என் மகளை விரட்ட நீ யாரடா? அழித்தேன்.

ஈரத் தலையோடு வந்து, “பதில் வந்துச்சா அய்யா?” என்றாள்.

“வரல தாயி.”

அத்தோடு நின்றிருந்தால், விவரம் தெரியாதவன் என்று சொல்லித் தப்பியிருப்பேன். மூன்றாம் நாள் அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம், அவள் பையை அடிவரை துழாவினேன். தேர்வு முடிவுத் தாள் கிடைத்தது. பொட்டலக் காகிதத்தில் எழுத்துக்கூட்டி ஆங்கிலம் கற்ற எனக்கே புரிந்தது… முதல் தடவையிலேயே தேறியிருந்தாள்!

வாரம் முடிய இன்னும் நாள் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால், “எம் பைய ஏன் பாத்தீக?” என்று கேட்பாளே… அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள், நீங்களே சொல்லுங்கள்!

அவளும் ரோஷக்காரி. பதில் போடாதவரிடம் மறுபடி கேட்கவில்லை.

இப்போது அம்மாவின் ஆஸ்பத்திரி அவளை நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை. இரண்டு பரீட்சையும் எழுதியவர்களைத்தான் பார்க்கிறார்களாம். பனி கொட்டும் ஏதோ ஒரு தூரத்து ஊரில் இடம் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

“நல்ல மனுசருன்னு நெனச்சேன் அய்யா,” என்றாள் நேற்று. “ஒங்க போனக் குடுங்க.”

கொடுத்தேன். கண்டுபிடித்துவிடட்டும் என்றது ஒரு மனம். வேண்டாம் மாதாவே என்றது இன்னொன்று…

அவள் எதையும் தேடவில்லை. பிரகாஷின் எண்ணை எடுத்து, என் கண் முன்னாலேயே பிளாக் செய்தாள். பிறகு திரையில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் துப்பட்டாவால் துடைத்து, போனை என் சட்டைப் பையில் வைத்தாள்.