பன்னிரண்டு கண்ணாடியும் நீலம்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதைத் தாண்டாதவன் ஆய்வகத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன!

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயிலில், சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நடந்தது. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் அங்கே கண்ணாடிச் சாமான்கள் கழுவிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவர், உடம்புக்குள் வைக்கும் குழாய்களில் ரத்தத்தின் புரதம் ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு தயாரித்தார். அதற்கு மூலப்பொருள் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அதைச் சோதனைக்காகச் சின்னக் கண்ணாடித் துண்டுகளில் பூசுவார். அதிலுள்ள குட்டி மூலக்கூறுகள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகிவிடுமாம். அதன்மேல் ரத்தப் புரதத்துக்குப் பதிலாக முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, அலசி, நீலச் சாயம் விடுவார். நீலம் தங்கினால் புரதம் ஒட்டிவிட்டது, பூச்சு தோல்வி.

“அக்கா, மிச்ச முட்டைய ஆம்லெட் போட்ரலாமா?” என்று கேட்டு தினமும் திட்டு வாங்குவேன்.

அன்று பன்னிரண்டு கண்ணாடியும் நீலம். அக்காவுக்கு மேலே இருந்த பேராசிரியர் என்னைத்தான் பார்த்தார். “ஒழுங்கா கழுவியிருக்க மாட்டான். நாளையிலேர்ந்து இவன் வேணாம்.”

எனக்குச் சுரீரென்றது. “போறேன் சார். ஆனா கழுவலைன்னு மட்டும் சொல்லாதீங்க.”

ஜன்னலோரம் அந்த மூலப்பொருள் பாட்டில் இருந்தது. இந்த வேலைக்கு வருமுன் கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் படகு ஒட்டும் வேலை பார்த்தவன் நான். ஒட்டும் பசையான ரெசினை எடுக்குமுன் டப்பாவைச் சாய்த்துப் பார்ப்போம். பாகு மாதிரி இழுத்தால் வெயிலில் கட்டிப்பட்டுவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட வேண்டியதுதான். கை தானாகப் பாட்டிலைச் சாய்த்தது. பாகேதான்!

“அக்கா, இது கட்டிப்பட்டுப் போச்சு. வெயில்ல வச்சது யாரு?”

அக்கா தயங்கினார். “நேத்து வந்தவங்களுக்குக் காட்ட, ஃப்ரிட்ஜ்லேர்ந்து நீங்கதான் எடுத்து அங்க வச்சீங்க சார்.”

பாட்டிலுக்குள்ளேயே எல்லாம் கைகோத்துவிட்டால், கண்ணாடியைப் பிடிக்க ஏது கை?

“படகும் இதுவும் ஒண்ணாடா?” என்றார் பேராசிரியர்.

“புது பாட்டில்ல போட்டுப் பாருங்க சார். நீலம் வந்தா நானே பஸ் ஏறிட்றேன்.”

நான் கழுவி வைத்திருந்த மீதிக் கண்ணாடிகளில் அக்கா பூசினார். சாயங்காலம் ஒன்றில்கூட நீலம் தங்கவில்லை. சார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “நாளைக்கு சீக்கிரம் வா” என்றார், அவ்வளவுதான்.

என் வேலையை யார் குறை சொன்னாலும், தலையைக் குனியுமுன் ஒரு தடவை நானே சோதித்துப் பார்ப்பது என்று அன்று முடிவு செய்தேன், இன்றுவரை குனியவில்லை. அன்று ராத்திரியே இதைப் படகு வேலை நண்பனிடம் போனில் பெருமையாக அளந்தேன்.

“அதெல்லாம் சரி மச்சான், நாளைக்கும் பாட்டில்தான கழுவப் போற?” என்றான்.