சி ஷிப்ட் வாரத்தில் எடுத்த லீவு

ஜப்பானில் நான் தங்கியிருந்த அறையின் சுவரில் இரண்டு அட்டவணைகள் ஒட்டியிருந்தன. ஒன்று, எந்தக் கிழமை எந்தக் குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்று நகராட்சி கொடுத்தது. மற்றது, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் எங்கள் ஆலையின் ஷிப்ட் அட்டவணை. முதலாவதைப் பார்க்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பையைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவார். இரண்டாவதைப் பார்க்காவிட்டால் என் அம்மாவோடு நான் தனியாகப் பேச முடியாது.

ஆரம்பாக்கத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா இல்லை. நான் ஒரே பெண். ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த என்னை ஜப்பானிலுள்ள எங்கள் கம்பெனியின் தாய் ஆலைக்கு இரண்டு ஆண்டு வேலைக்கு அனுப்பினார்கள். என் இடத்துக்குத் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தங்க இடம் தேடினாள். அம்மா தனியாகத்தானே இருக்கிறாள், என் அறையை அவளுக்கு வாடகைக்கு விடலாமே என்று சொன்னது நான்தான். அவளுக்கு வீட்டுச் சாப்பாடு, அம்மாவுக்குத் துணை, எனக்கு நிம்மதி. இதில் கடைசி மட்டும் நடக்கவில்லை.

மாலையில் சைக்கிளில் அறைக்குத் திரும்பி, அரிசியைக் களைந்து வைத்துவிட்டு போனை எடுப்பேன். அங்கே அது மதியம். ஏ ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஆரம்பாக்கத்தில் ஆட்களை இறக்கிவிடும் நேரம். அதனால் ஏ ஷிப்ட் வாரம் முழுக்க அம்மாவின் தோளுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் தெரிவாள்.

“இன்னாடி, சாப்ட்டியா?” என்று அம்மா என்னைக் கேட்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் திரும்பி, “ஏய், ரசம் ஊத்திக்கோடி. வெறுஞ்சோத்த தின்னுக்கினு கீறா பாரு” என்பாள்.

“போதும்மா, வயிறு நிறைஞ்சிருச்சு” என்று அவள் சொல்வாள்.

முதல் மாதம் ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிட்டாள். எந்த வாரத்தில் அது ‘அம்மா’ ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தாய் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. பாகத்தைச் சரிபார்க்கும்போது கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டிக் காட்டி, பெயரைச் சொல்லி, ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நானும் போன் திரையை நோக்கி விரலை நீட்ட ஆரம்பித்தேன். தட்டு, என்னுடையது. ஜன்னலோரக் கட்டில், என்னுடையது. அதன்மேல் விரித்திருக்கும் பச்சைப் போர்வை, என்னுடையது. ‘சரி’ மட்டும் வாயில் வரவில்லை.

பி ஷிப்ட் வாரம் என் வாரம். அவள் மதியமே வேலைக்குப் போய்விடுவாள். ஆனால் அந்த வாரத்திலும் அம்மாவின் பேச்சில் பாதி அவளைப் பற்றித்தான். அவளுக்குத் தலைவலி, அவளுக்கு மேலாளர் திட்டு, அவள் சொல்லிக்கொடுத்த குழம்பு. சி ஷிப்ட் வாரம்தான் எனக்குப் பிடித்தது. அந்த வாரத்தில் அம்மா பின்பக்கம் கொய்யா மரத்தடிக்கு வந்து, தணிந்த குரலில் ரகசியம் போலப் பேசுவாள். எனக்காகத்தான் அப்படிப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆண்டின் நடுவில் எனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறாயா, ஊருக்குத் திரும்புகிறாயா? லீவு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஊர் பிடித்துத்தான் இருந்தது. வேலையும் கைவந்திருந்தது. ஆனாலும் அம்மா ஒரு தடவை ‘வந்துடு’ என்று சொன்னால் வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவளாகச் சொல்ல வேண்டும்.

அதற்குத் தோதான வாரத்தை அட்டவணையில் தேடினேன். சி ஷிப்டில் அந்தப் பெண் இரவு ஆலையில் இருப்பாள், பகலில் தூங்குவாள். அதாவது, வீட்டில் அவள் இல்லாத மாதிரி. அந்த வாரத்துக்கே டிக்கெட் போட்டேன்.

வாசல் கேட்டைத் திறந்து “அம்மா!” என்று கூப்பிட்டேன். அம்மா உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஷ்ஷ்! கத்தாதடி. புள்ள இப்போதான் கண்ண மூடிச்சு.”

அப்புறம்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். அதையும் சத்தமில்லாமல் செய்தாள்.

அந்த வீடு பகல் முழுக்க ஊமையாக இருந்தது. குக்கர் விசில் அடிக்கும் என்று பானையில் சோறு வடித்தாள். டிவியில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அத்தையைச் சாயந்திரம் வரச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில்கள் ஊதிக்கொண்டு போயின. அதற்கெல்லாம் அந்தப் பெண் விழிக்கவில்லை. நான் டம்ளரைத் தரையில் வைத்தால் விழித்துவிடுவாள் என்று அம்மா பயந்தாள். என் சுடிதார்கள் அந்த அறை பீரோவில் இருந்தன. எடுக்கப் போன என்னை அம்மா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சாயந்திரம் அந்தப் பெண் எழுந்து வந்து, “அக்கா! என்னை எழுப்பியிருக்கலாம்ல?” என்று உண்மையான சந்தோஷத்தோடு கேட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அம்மா அவளுக்குக் காபி போட்டாள், டப்பாவில் சாப்பாடு கட்டினாள், பஸ் நிற்கும் இடம்வரை கூடவே போனாள். திரும்பி வந்ததும் படுத்துவிட்டாள். விடியும்போது அவள் வருவாள், நாஷ்டா தயாராக இருக்க வேண்டும். என் அம்மாவும் சி ஷிப்டில்தான் இருந்தாள்.

இப்படியே நாட்கள் போய், லீவு முடியும் தறுவாயில் கொய்யா மரத்தடியில் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மா, இன்னும் ரெண்டு வருஷம் அங்க இருக்கியான்னு கேக்கறாங்க.”

“நல்ல வேலையாச்சே. உனுக்கு இஷ்டம்னா இரு.”

“வந்துடுன்னு சொல்ல மாட்டியா?”

“மெதுவா பேசு.”

“அவ இருக்கா இல்ல, அதான். நான் வேணாம் உனக்கு.” இதையும் கிசுகிசுவென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். அவளும் கிசுகிசுப்பாகவே திட்டினாள். “நீ பிளேன் ஏறினதும் இந்த ஊட்டுக்கு வந்து நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஒலை வெக்கல. யாருக்கு வெக்கறது? அந்தப் பொண்ணு வந்தா. இன்னா ஷிப்ட்டுனு கேட்டுக்கினு சமைச்சேன். அப்படித்தான் நாள் ஓடிச்சு. வந்துடுன்னு நான் சொல்லிட்டு, நாளைக்கு உன்னாலதான் எல்லாம் போச்சுன்னு நீ சொல்றதுக்கா?”

“நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லுவ. உன்னப் பெத்தவ நான்.”

நான் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாரோ கேட்டதுபோல அம்மா சொன்னாள்.

“கும்மிடிப்பூண்டில ஒரு கட்டில் பாத்து வெச்சிக்கீறேன். போன மாசமே. ரூம்ல புடிக்குமா புடிக்காதான்னு தெரியல. நீதான் அளந்து சொல்லணும்.”

“அப்ப அவ?”

“அவ கட்டில்ல அவ. உன் கட்டில்ல நீ. அவள எங்கயும் அனுப்ப மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

எனக்கு வேண்டியிருந்த வார்த்தை அது இல்லை. ஆனால் போன மாதம் நான் லீவுக்கே எழுதிப் போட்டிருக்கவில்லை.

அப்போதே அளக்கலாம் என்று அம்மா எழுந்தாள். இருவரும் அந்த அறைக்குள் கால் விரல்களில் நடந்து போனோம். அம்மா சுவரோரம் அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் தூங்குபவளின் தலைமாட்டைச் சுற்றி எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போனேன். அளவை விரல்களில் காட்டினேன். இரண்டு கட்டில் பிடிக்கும், நடுவில் ஒரு ஆள் நடக்கலாம். சுருட்டும்போது இரும்பு நாடா கையிலிருந்து நழுவி ‘சடார்’ என்று உள்ளே போயிற்று.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள். நாடாவைப் பார்த்தாள்.

“இன்னொரு கட்டிலாக்கா? அப்ப நீங்க வந்துர்றீங்களா?” என்றாள். தூக்கக் குரலிலேயே, “ஜன்னல் பக்கம் எனக்கு” என்றாள்.

“அது என் எடம்,” என்றேன். அந்த வாரத்திலேயே முதல்தடவையாக என் குரல் முழுசாக வெளியே வந்தது.

“ஒன்றரை வருஷமா நான்தான அதுல படுக்கேன்?”

“அதான் சொல்றேன். போதும், எழுந்திரு.”

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆரம்பிச்சிட்டாளுங்க பேஜாரு” என்று வெளியே போய்விட்டாள். யாருக்கும் சாதகமாக ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வருவதாக அன்று சாயந்திரமே மெயில் அனுப்பினேன். ஜன்னல் பக்கம் இன்னும் முடிவாகவில்லை.