பூட்டினேனா?

தேயிலைக் கொழுந்து எடுக்கிற கைக்கு மனசு வேண்டியதில்லை. விரல் தானாகக் கிள்ளும், மனசு அதுபாட்டுக்கு ஊர் சுற்றும். என் மனசு மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகவே சுற்றும். ஸ்பிரிங்வெளி மலையில் நின்றபடியே நான் கப்பலில் போயிருக்கிறேன். மகளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்து, மாப்பிள்ளையோடு சண்டையும் போட்டிருக்கிறேன். பக்கத்து நிரையில் நிற்பவள் தொண்டை கிழியக் கூப்பிட்டால்தான் காதில் விழும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டும்போதும் அப்படித்தான். கை பூட்டிவிடும், நான் அங்கே இருக்க மாட்டேன். பாதி மலை ஏறியதும் 'பூட்டினேனா?' என்று வரும். ஞாபகத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது. யாரோ புகுந்து டீவியைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும் படம் மாதிரித் தெரியும். ஓடிவந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருக்கும். இழுத்துப் பார்ப்பேன். சரியாகத்தான் இழுத்தேனா என்று மறுபடி இழுப்பேன்.

"அக்கா, கதவு கையோட வந்திரப் போகுது" என்று லயமே கேலி பண்ணும். நானும் சிரிப்பேன். உள்ளே வெந்துகொண்டிருப்பேன்.

கடைசியில் பதுளையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"பூட்டேக்க மனம் அங்க இருக்கேல்லையம்மா. பிறகு தேடினா எப்பிடிக் கிடைக்கும்? அந்த வெறும் இடத்தைக் கற்பனை நிரப்புது. போய்ப் பாக்கப் பாக்கச் சந்தேகம் கூடத்தான் செய்யும்."

"அப்ப நான் என்னாங்க செய்றது?"

"திரும்பிப் போகாதேங்கோ. சந்தேகம் வந்தா வரட்டும், அதையும் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போங்கோ."

சொல்லிவிட்டார். மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை வந்த காலையில்தான் அதன் கஷ்டம் தெரிந்தது. முதல் பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் பதுளை போய்ச் சேர முடியாது. சேலை, சர்டிபிகேட், குடை என்று ஆயிரம் யோசனையோடு கதவைச் சாத்திவிட்டு ஓடினோம். பஸ் படியில் கால் வைத்ததும் கேள்வி வந்துவிட்டது. நான் இறங்கினால் அவளும் இறங்கிவிடுவாள், தனியாகப் போகிற பிள்ளை இல்லை.

"எறங்கிராதம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஏறிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் வீடு கொள்ளை போனது. ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். "நல்லா செஞ்சேம்மா, கெடச்சிரும்" என்று அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தபோது எனக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் லயத்துக்கு வந்தால் கதவு அகலத் திறந்து கிடந்தது. பூட்டு வளையத்தில் சும்மா தொங்கியது. இத்தனை வருஷமாக எதற்குப் பயந்து ஓடினேனோ, அது நடந்தேவிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே போனோம். டீவி அதன் இடத்தில் இருந்தது. கட்டிலில் பக்கத்து வீட்டுக் கோழி படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் கோபித்துக்கொண்டு, கொக்கரித்தபடி வெளியே ஓடியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. வீட்டில் குறைந்தது ஒன்றுமில்லை. தலையணை ஓரத்தில் ஒரு முட்டைதான் கூடியிருந்தது.