தென்னேரிக்கரையில் என் தளிகை

கடைசிப் பெண்ணின் கல்யாணம் முடிந்த வருஷம், ஐப்பசி மாதத்தில், என் மனைவி என்னிடம் ஒன்று கேட்டாள். அதுவரை அவள் சின்ன காஞ்சிபுரத்தை விட்டு வெளியே போனதெல்லாம் பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு. போன இடத்திலும் யாராவது ஒருவர் வீட்டு அடுப்படியில்தான் நின்றிருப்பாள். இந்த ஒரு தடவை, காரியம் எதுவும் இல்லாமல், ஓர் ஏரிக்கரையில் வண்டியை அவிழ்த்துவிட்டு இரண்டு ராத்திரி தங்க வேண்டும், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தளிகை பண்ணிச் சாப்பிட வேண்டும் என்றாள். தென்னேரி நிரம்பி வழிகிறதென்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஏரி வழிகிறதென்றால் மழை விடவில்லை என்று அர்த்தம் என்றேன். ஆடியில் அவளுக்கு வந்த சுரத்தின் இருமல் இன்னும் போகவில்லை என்றும் சொன்னேன். கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வரக்கூடிய சங்கடங்களை ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அரிசியை அளந்து பையில் போட்டாள்.

வாலாஜாபாத் வரை மோட்டார் பஸ் வந்துவிட்ட காலம். பஸ்ஸில் படுக்க முடியாதே என்றாள். செவிலிமேட்டுக்காரன் ஒருவனின் கூண்டு வண்டியைப் பேசினேன். வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, குமுட்டி அடுப்பும் கரி மூட்டையும் ஏற்றிக்கொண்டோம். பட்டுப் புடவை ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டதற்கு, மழையில் சரிகை கறுத்துப்போகும் என்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். துவைத்து உலர்த்திய இரண்டு நூல் புடவைகளைக் கோலால் எடுத்து மடிசஞ்சிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தளிகை பண்ணுகிறவள் உடுத்துவதற்கென்று யாரும் தொடாமல் எடுத்து வைக்கிற புடவைகள் அவை. என் பழைய பட்டு வேஷ்டி எப்போதும்போல டிரங்குப் பெட்டியில் இருந்தது. சரிகை இல்லாதது, பூஜைக்குக் கட்டிக்கொள்வது.

வாலாஜாபாத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அங்கே வண்டிக் கூண்டு மூன்று இடத்தில் ஒழுகியது. வடக்கே திரும்பிய பிறகு ஒன்பது இடத்தில். அதற்கு மேல் எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை. முதுகு விறைத்துவிட்டது. திரும்பிப் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் பாதி திறந்த கூண்டு வாசல் வழியாக வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. நாங்கள் இருவரும் இறங்கி, ஒரே குடையில், ஒரு புளியமரத்தடியில் வெகு நேரம் நின்றோம். வண்டிக்காரன் மாடுகளோடு போராடி வண்டியை மேட்டுக்கு ஏற்றினான்.

பிற்பகலில் கரையைச் சேர்ந்தபோது மழை தூறலாக மாறியிருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை, தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். மதகுக்குப் பக்கத்தில் நான்கு தூண் வைத்த சின்ன மண்டபம் இருந்தது. அதற்குள் குமுட்டியை இறக்கிவிட்டு அவள் மடிசஞ்சியைத் தேடினாள். பை இருந்தது, காலியாக இருந்தது.

வண்டிக்காரன் சிரித்துக்கொண்டே தன் கோணியை அவிழ்த்தான். "சேத்துல மாட்டிக்கினப்போ பை நனைஞ்சிக்கினு இருந்துதும்மா. நான்தான் துணிய எடுத்து கோணிக்குள்ள சுத்தி வச்சேன். பாரு, ஒரு சொட்டு ஈரம் இல்ல."

இரண்டு புடவைகளும் மடிப்புக் கலையாமல், உலர்ந்து, அவன் கையில் இருந்தன. அவன் என்று இல்லை, நான் தொட்டிருந்தாலும் அதே கதிதான், மடி போய்விட்டது, இனி அவற்றைக் கட்டிக்கொண்டு தளிகை பண்ண முடியாது. பட்டுக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது, யார் தொட்டாலும் மடிதான். பட்டு நெய்கிற ஊரிலிருந்து பட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். அவனிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் புடவைகளை வாங்கிக்கொண்டு, நல்ல காரியம் பண்ணினாய் என்றாள்.

பிறகு என்னிடம், ஏரியில் முழுகிவிட்டு ஈரப் புடவையோடேயே தளிகை பண்ணிவிடுவதாகச் சொன்னாள். சாஸ்திரத்துக்கு அது போதும். ஆனால் காற்று ஊசியாகக் குத்தியது. வரும் வழியெல்லாம் அவள் இருமியதைக் கேட்டுக்கொண்டுதானே வந்தேன்? கூடாது என்றேன். வழிக்கென்று கொண்டுவந்த அவலை நனைத்துத் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் வாலாஜாபாத் போய்விடலாம் என்றேன்.

"அவல் திங்கறதுக்கு நம்மாத்துலேயே இருந்திருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஏரிப் படியில் ஒரு காலை வைத்தாள்.

"முழுகாதே, மேலே வா. என்கிட்ட பட்டு வேஷ்டி இருக்கு."

"அந்த நாலு முழத்தை வச்சிண்டு நான் என்ன பண்றது?"

"நீ இல்லை. நான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? வெந்நீர் வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாதுதான். மாதத்தில் மூன்று நாள் அவள் விலகியிருக்கும்போதுகூடப் பக்கத்து வீட்டிலிருந்து சாதம் வந்துவிடும். இருந்தாலும் முழுகினேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. பட்டைக் கட்டிக்கொண்டு குமுட்டியின் முன் உட்கார்ந்தேன். கரி பிடிக்கவில்லை. விசிறி விசிறித் தோள் கழன்றுவிட்டது. அவள் உலர்ந்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்புறம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்தே பருப்பை முதலில் போட வேண்டும், மிளகைத் தட்டக் கூடாது, தண்ணீர் போதாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதிக்கு மேல் சொல்வது நின்றுவிட்டது. அடுத்தது என்ன என்று இரண்டு முறை கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை. தூரத்தில் நாரைகள் தண்ணீர்மேல் தாழப் பறந்துகொண்டிருந்தன.

பொங்கல் குழைந்து அடிப்பிடித்தது. ஒரு பொறி பறந்து வேஷ்டியில் ஓட்டை விழுந்தது. பெருமாளுக்குக் காட்டுவதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது. வண்டிக்காரனுக்கும் ஓர் இலை போட்டேன். அவன் வாயில் வைத்துவிட்டு மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தான். அவள் இலையை ஏரியைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கருகியதை ஒதுக்காமல், நிதானமாகச் சாப்பிட்டாள்.

உடம்பெல்லாம் வலித்தது. விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றேன்.

"ரெண்டு ராத்திரின்னுதானே பேச்சு? நாளைக்கு உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கோ" என்றாள்.

வாதாட எனக்குத் தெம்பு இல்லை. பானையை எடுத்துக்கொண்டு, அடியில் பிடித்ததைச் சுரண்ட, படியிறங்கினேன்.