இழுத்துக் கட்டிய மான்வலை

கண்ணில் பட்ட கயிறு எதுவானாலும் சரி, அதை ஒரு தடவை இழுத்துக் கட்டாமல் பொன்னுசாமி அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவர் மனைவி அபிதகுசாம்பாள், வீட்டில் கூப்பிடுகிற பெயர் அபிதா, இதைக் கவனித்துவிட்டாள். கொல்லையில் துணி காயப்போடுகிற கொடி தொய்ந்திருந்தால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய் இழுத்துக் கட்டுவார். பக்கத்து வீட்டுக் கொடியையும் கேட்காமலே கட்டுவார். திருவிழாவுக்குத் தெருவில் தோரணம் கட்டினால், அது காற்றில் ஆடட்டும் என்றுதான் தொங்க விட்டிருக்கிறார்கள் என்று எவ்வளவு சொன்னாலும் அவர் மண்டையில் ஏறாது. மறுநாள் பார்த்தால் தெரு முழுக்கத் தோரணம் விறைத்துக்கொண்டு நிற்கும். அவர் கட்டிய தூளியில் குழந்தை படுக்கவே இடம் இருக்காது.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆரணியில் பட்டுத்தறி போடுகிறவர்கள் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று, ஓர் இழைகூடத் தொய்யாமல் பிடித்தால்தான் சேலை சேலையாக வரும். பிள்ளைப் பிராயத்திலிருந்து அதையே செய்த கை, தொய்வைப் பார்த்தால் சும்மா இருக்காது.

பேச்சில் மட்டும் பொன்னுசாமிக்கு அந்தக் கண்டிப்பெல்லாம் கிடையாது. அளவில்லாமல் விட்டுக்கொண்டே போவார். அதிலும் மான் வேட்டைக் கதையை எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போனது, புள்ளிமான் ஒன்று எதிரே பாய்ந்து வந்தது, இவர் வலையை வீசி, கொம்பைப் பிடித்து மடக்கியது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த மான் கொஞ்சம் வளர்ந்திருக்கும். அபிதா ராட்டையில் பட்டு சுற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு உண்மை தெரியும். கூடப் போன தங்கவேலு அடுத்த வீட்டுத் தறிக்காரர். அவர் தன் பெண்டாட்டியிடம் சொல்லி, அந்த அம்மாள் குழாயடியில் அபிதாவிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர்கள் பார்த்தது, யாரோ பிடித்து யாரோ சமைத்து இலையில் வைத்த மான். மற்றபடி பொன்னுசாமிக்குத் தெரிந்த மான் எல்லாம், சேலை முந்தானையில் அவரே நெய்கிற புட்டா மான்கள்தான்.

இதை அபிதா யாரிடமும் சொன்னதில்லை. வெளி மனிதர் முன்னால் வாய் திறக்கிற வழக்கமே அவளுக்கு இல்லை.

எழுபத்தாறாம் வருஷம் பொன்னுசாமியின் தங்கை லீலாவுக்கு ஒரு வரன் வந்தது. களம்பூர் ரைஸ்மில்லில் மேஸ்திரியாக இருந்த அருணாச்சலத்தின் மகன் பன்னீர்செல்வம், அதே மில்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். லீலாவுக்கு அதற்கு முன்னால் வந்த வரன்கள் ஏதோ ஒரு சாக்கில் தட்டிப்போயிருந்தன. அவள் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு கோயிலுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். வருகிறவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு போய் நின்று அவளுக்கும் அலுத்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை பெண் பார்த்துவிட்டுப் போனபின், பன்னீர்செல்வம் குடித்த டம்ளரை மட்டும் ஓரமாக வைத்துவிட்டு மற்றதையெல்லாம் லீலா முதலில் கழுவினாள். அபிதா அதைப் பார்த்தாள். இந்த வரன் போகக்கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில்தான் பொன்னுசாமி மான் கதையை எடுத்துவிட்டார். அருணாச்சலமும் லேசுப்பட்டவர் இல்லை. பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. துப்பாக்கி பிடிப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லிக்கொள்கிறவர். முழுக் கதையையும் கேட்டு முடித்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம் மாப்ள. வர்ற அமாவாசைக்கு உங்களுக்குத் தறி லீவுதானே. ரெண்டு குடும்பமும் வண்டி கட்டிகினு போவோம். நீங்க மானைப் புடிங்க. மறுநாள் அந்தக் கறியைப் போட்டே நிச்சயதாம்பூலம் மாத்திக்கலாம்."

பொன்னுசாமி சரி என்றுவிட்டார். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமே என்று அபிதா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அவள்மேல் பாய்ந்தார். மான் பிடித்தால் ஜெயில் என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எமர்ஜென்சி காலம் வேறு. அதையும் சொன்னாள். அந்த மலையடிவாரத்துக்கு எவன் வரப்போகிறான் என்று அருணாச்சலம் சொல்லிவிட்டதாகப் பதில் வந்தது.

அமாவாசையன்று காலையில் மில் லாரியில் எல்லாரும் ஏறினார்கள். பொன்னுசாமி, தங்கவேலு, அருணாச்சலம், பன்னீர்செல்வம், பெண்கள் பக்கம் அபிதா, லீலா, அருணாச்சலத்தின் மனைவி ரங்கம்மாள். அருணாச்சலம் பெரணமல்லூர்ப் பக்கம் யாரிடமோ நாட்டுத் துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கி, கோணிப்பையில் சுருட்டி வைத்திருந்தார். படவேடு ஊரைத் தாண்டி ஆற்றங்கரையில் லாரி நின்றது. ஆறு என்று பெயர்தான். சித்திரை வெயிலில் கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் முள்ளும் கல்லுமான பொட்டல், அதற்கப்பால் மலை. நிழல் என்றால் கரைமேல் ஒரே ஒரு வேப்பமரம். அதுவும் அரைகுறை நிழல். அபிதா தன் பழைய சேலை ஒன்றை முள்செடிமேல் விரித்து மறைப்பாக்கி, அதன்கீழ் அடுப்பு மூட்டினாள். அமாவாசையாதலால் அன்றைக்குப் பருப்பும் பூசணிக்காயும்தான். மான் கிடைத்ததும் கறியில் தடவி மறுநாளுக்கு வைக்க, மசாலாவை ரங்கம்மாள் தனியாக அரைத்து எடுத்து வந்திருந்தாள்.

வலையைக் கொண்டுவந்தவர் தருமன். மலையடிவாரத்து ஆள், தங்கவேலுவுக்குப் பழக்கம். கரைக்குக் கீழே மணலில் இரண்டு புதருக்கு நடுவே குச்சி நட்டு வலையைக் கட்டினார். துவைத்துப் போட்ட பழம்புடவை மாதிரி அது தொளதொளவென்று தொங்கியது.

"இத யாரும் தொடாதீங்க. மான் வந்து உழுந்தா இது அப்டியே சுருட்டிக்கணும். அதுக்குத்தான் தொங்க உட்டுக் கீறேன்" என்று சொல்லிவிட்டு, மானைக் கலைத்து ஓட்டிவர, பன்னீர்செல்வத்தைக் கூட்டிக்கொண்டு பொட்டலைச் சுற்றிப் போனார். பொன்னுசாமியும் தங்கவேலுவும் வலைக்குக் காவல். அருணாச்சலம் கொஞ்சம் தள்ளி ஒரு பாறைமேல் துப்பாக்கியோடு உட்கார்ந்தார்.

கரைமேலிருந்து அபிதாவுக்கு எல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொன்னுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு வலையைப் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடியும் பார்த்தார். போய் ஒரு முனையை மட்டும் லேசாக இழுத்து முடிச்சுப் போட்டார். அந்தப் பக்கம் கோணலாகத் தெரிந்ததோ என்னவோ, தங்கவேலு அடுத்த முனையை இழுத்தார். அப்புறம் இருவரும் தெருவில் பாவு நீட்டுகிற மாதிரியே எதிரெதிராக நின்று, காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். பொன்னுசாமி விரலால் வலையைச் சுண்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கட்டில் கயிறு மாதிரி வலை விறைத்து நின்றது.

தருமன் சொன்னது அபிதாவுக்குக் காதில் விழுந்திருந்தது. கத்தியிருக்கலாம். சம்பந்தி ஆகப்போகிறவர் பாறைமேல் உட்கார்ந்திருக்க, ஒரு பொம்பளை கரைமேல் நின்று கத்துவதா என்று வாயை மூடிக்கொண்டாள்.

தூரத்தில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. புழுதிக்குள்ளிருந்து நிஜமாகவே ஒரு புள்ளிமான் வந்தது. நேராக வலைக்குத்தான் வந்தது. முழு வேகத்தில் மோதி, சுவரில் அடித்த பந்து மாதிரித் திரும்பி வந்து மணலில் பொத்தென்று உட்கார்ந்தது. பொன்னுசாமிக்கும் அதற்கும் ஒரு கை தூரம். மான் அவரைப் பார்த்தது. அவர் மானைப் பார்த்தார். பிடிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. வாயைத் திறந்துகொண்டு அதன் முதுகுப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மான் எழுந்து உதறிக்கொண்டு, வலையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அது போனபிறகுதான் அருணாச்சலத்தின் துப்பாக்கி வெடித்தது. ஒரு காக்கைகூட விழவில்லை. வெடித்த சத்தம் மட்டும் மலையில் பட்டுத் திரும்பித் திரும்பிக் கேட்டது.

அருணாச்சலம் பாறையிலிருந்து இறங்கி வந்து, வலையைத் தொட்டுப் பார்த்தார். சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, கரைமேல் பெண்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மான் வலை எப்டித் தொங்கணும்னுகூடத் தெரியாத ஆளு, மானைப் புடிச்சேன்னு கதை வுட்டுக் கீறீங்க. பொண்ணைப் பத்திச் சொன்னதுல எவ்ளோ கதையோ. பொய் பேசற வூட்டுல சம்பந்தம் வேணாம் மாப்ள. இதோட உட்ருவோம்."

அபிதா லீலாவைத் திரும்பிப் பார்த்தாள். லீலா பூசணிக்காய்த் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தோல் தீர்ந்து காயையும் சீவிக்கொண்டே போனாள்.

பேச்சு அதற்குமேல் வளரவில்லை. பன்னீர்செல்வத்தோடு ஓடிவந்த தருமன், துப்பாக்கிச் சத்தம் கேட்டு பாரஸ்ட் வாட்சர் சைக்கிளில் வருகிறான் என்று சொன்னபடியே வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முள்ளுக்குள் மறைந்தார். பின்னாலேயே பொன்னுசாமி, தங்கவேலு, பன்னீர்செல்வம் மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். அருணாச்சலமும் ஓடித்தான் பார்த்தார். மணலில் வயிறு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயிற்று. துப்பாக்கியை மணலில் புதைத்துவிட்டு, தவழாத குறையாகக் கரையேறி வந்து, முள்செடிமேல் இருந்த அபிதாவின் சேலையை உருவி, தலையிலிருந்து கால்வரை சுற்றிக்கொண்டு அடுப்பங்கரையில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்துவிட்டார். அபிதா அரிவாள்மணையை அவர் முன்னால் தள்ளி, மிச்சப் பூசணிக்காயையும் வைத்தாள்.

வாட்சர் வயதானவர். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து யார் சுட்டது என்று கேட்டார். லீலா ரங்கம்மாளைப் பார்த்தாள். ரங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, அபிதா ஓர் அன்னிய மனிதருக்குப் பதில் சொன்னாள். தாங்களும் சத்தம் கேட்டதாகவும், மலைப்பக்கம் என்று நினைத்ததாகவும், அமாவாசைக்குப் படையல் போட வந்திருப்பதாகவும் சொன்னாள்.

"ஆம்பளைங்க எங்க?"

"குளிக்கப் போயிக் கீறாங்க."

"ஆத்துல தண்ணி ஏதுமா?"

"ஊத்து தோண்டிகினு கீறாங்க. தோண்டித்தானே குளிக்கணும்" என்றாள் அபிதா. தன் வாயிலிருந்து இவ்வளவு சுளுவாக வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

வாட்சர் குழம்புச் சட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். பருப்பு. லாரிக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெயிலில் வந்த களைப்பில் உட்கார்ந்து, எதிரே முக்காடு போட்டுக் குனிந்திருந்த உருவத்தைப் பார்த்து, "ஆயா, கொஞ்சம் தண்ணி குடேன்" என்றார்.

அருணாச்சலம் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார்.

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, அபிதாவே செம்பை எடுத்துக் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். அவளுக்கு என்ன தோன்றியதோ, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றும் சொல்லிவிட்டாள். வாட்சர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் சோறு, பருப்பு என்று சாப்பிட்டார். அவ்வளவு நேரமும் அருணாச்சலம் அடுப்பு அனலில் குனிந்தபடி பூசணிக்காய் நறுக்கினார். ஊருக்கே பந்தி போடலாம் போல நறுக்கித் தள்ளினார். கை கழுவிக்கொண்டு சைக்கிளில் ஏறும்போது வாட்சர் திரும்பிப் பார்த்தார்.

"ஆயாவுக்கு மீசை வேர்க்குது பாருமா. தொடைச்சி உடு. இன்னொரு தடவை இந்தப் பக்கம் ஆயாவப் பார்த்தேன்னா நல்லாருக்காது."

சைக்கிள் மறைந்தது. பிறகு ரங்கம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். சிரித்துச் சிரித்து மணலிலேயே சாய்ந்துவிட்டாள். லீலாவும் முகத்தை மூடிக்கொண்டாள். அருணாச்சலம் சேலையை அவிழ்த்துச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், இதைப் பசங்க காதில் போட வேண்டாம், மில்லில் தெரிந்தால் தலைகாட்ட முடியாது என்றார்.

அபிதா சேலையை எடுத்து உதறினாள். முனையோடு முனை சேர்த்து நிதானமாக மடித்தாள்.

"நாங்க எதுக்குப் பெரியப்பா சொல்லப் போறோம்? ஒரே குடும்பம்னு ஆயிட்டா உங்க மானம் எங்க மானம். வேற வூட்டு மனுசங்கன்னாதான் இந்த மாதிரி விசயத்துல வாய் நிக்காது."

அருணாச்சலம் அவளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ரங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வளர்பிறையில் வியாழக்கிழமை நன்றாக இருக்கிறது என்றாள். அருணாச்சலம் பெருமூச்சு விட்டு, வியாழக்கிழமையே இருக்கட்டும் என்றார்.

வெயில் சாயும்போது மற்றவர்கள் முள் கிழித்த காலோடு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் பொன்னுசாமி ஒரு கதை தயார் செய்துவிட்டிருந்தார். வாட்சர் வரப்போவது தனக்கு முன்னாலேயே தோன்றியதாம். மான் சிக்கினால் எல்லாரும் கம்பி எண்ண வேண்டியதுதான் என்று வேண்டுமென்றேதான் வலையை இழுத்துக் கட்டினாராம். தங்கவேலுவே வாயைப் பிளந்தார். அருணாச்சலம் என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"மாப்ள சொல்றது கரெக்டுதான். அந்த வலை தொய்ஞ்சிருந்தா இன்னிக்கு நாம ஜெயில்ல" என்றார் அருணாச்சலம். இப்படிச் சட்டென்று ஒருவர் தன் கதையை ஒப்புக்கொள்வார் என்று பொன்னுசாமி எதிர்பார்க்கவில்லை. அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல், லாரி ஆரணி வருகிறவரை வாயே திறக்காமல் வந்தார். முந்தானையில் மானுக்குப் புள்ளியை இத்தனை நாள் தப்பாகத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று மட்டும் இறங்கும்போது அபிதாவிடம் சொன்னார்.

வியாழக்கிழமை நிச்சயதாம்பூலம் கத்திரிக்காய்ச் சாம்பாரோடு நடந்தது. ஆவணியில் கல்யாணம்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. லீலா களம்பூரில் இருக்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகள். பன்னீர்செல்வம் இப்போது வந்தவாசிக்கு பஸ் ஓட்டுகிறான். அருணாச்சலம் மில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார், அபிதா போனால் எழுந்து நின்று வா என்கிறார். அது ஏன் என்று பொன்னுசாமிக்கு இதுவரை தெரியாது.